மாப்பிள்ளைக்கு மௌன விரதம்

1

போன வாரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு ரொட்டிக் கடையில் நின்று வேண்டுமென்றே திக்கினேன். புத்தி பிசகிவிட்டதா என்று கேட்க வேண்டாம், அது வீட்டுப்பாடம். இங்கே பேச்சு, மொழிச் சிகிச்சை படிக்கிறவர்களுக்கு இரண்டாம் வருடத்தில் இப்படி ஒரு வேலை கொடுக்கிறார்கள். திக்குகிறவர்களுக்குச் சிகிச்சை தரப் போகிறவர்கள் ஒரு தடவையாவது வெளியே போய்த் திக்கிப் பார்க்க வேண்டுமாம். எதிரே நிற்பவர் முகத்தில் என்ன நடந்தது, நம் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று வந்து சொல்ல வேண்டும்.

என்னோடு படிப்பதெல்லாம் கல்லூரி முடித்த கையோடு வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள். நாற்பதைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அவர்கள் திக்கியபோது கடைக்காரர்கள் பொறுமையாக நின்றார்களாம், சிலர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்களாம். என் கதை வேறு மாதிரி போயிற்று. நான் முதல் எழுத்திலேயே முட்டி நின்றதும், கடைக்காரப் பெண் எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று முடிவுகட்டிவிட்டாள். குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாகப் பிட்டுவைத்தாள். பிறகு படம் போட்ட அட்டை ஒன்றை எடுத்து நீட்டினாள். நல்ல மனசுக்காரிதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வந்து பதின்மூன்று வருடமாகியும் நான் திக்கினால் அது திக்கலாகக்கூடக் கணக்கில் வராது என்று தெரிந்தது. கைக்கு எட்டிய ஒரு படத்தைக் காட்டி, எனக்குப் பிடிக்காத திராட்சை பன்னை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வகுப்பில் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாள் மத்தியானம் சங்கரன்கோவிலிலிருந்து அம்மாவின் போன் வந்தது. போன மார்கழிக்குப் பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டது அன்றைக்குத்தான். என்ன கேட்டாள் என்பதைச் சொல்லுமுன் என் தம்பியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

2

அதற்கும் முன்னால், இந்த வயதில் இந்தப் படிப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஊரில் பி.காம். முடித்தவள் நான். இங்கே வந்து ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சருக்கு உதவியாளாக இருந்தேன். அங்கே வாரம் ஒரு முறை ஒரு அம்மாள் வருவார். திக்குகிற ஒரு சிறுமியின் பக்கத்தில் குட்டி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். அந்தக் குழந்தை ஒரு சொல்லுக்கு மல்லுக்கட்டும்போது இவர் ஒன்றுமே செய்ய மாட்டார். முடித்துக் கொடுக்க மாட்டார், மெதுவாகச் சொல்லு என்றுகூடச் சொல்ல மாட்டார். முகத்தை மாற்றாமல் காத்திருப்பார், அவ்வளவுதான். காத்திருப்பது ஒரு தொழில், அதற்குச் சம்பளம் உண்டு என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்கு வந்து என் கணவரிடம் இதைத்தான் படிக்கப் போகிறேன் என்றேன். அவர் உப்புமாவைக் கிளறிக்கொண்டே, முதலில் சேர்த்துக்கொள்கிறார்களா பார் என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. மற்ற துறைக்காரர்களுக்குக் கேட்பதைவிட இந்தப் படிப்புக்காரர்களுக்கு இங்கிலீஷ் பரீட்சையில் கூடுதலாகக் கேட்கிறார்கள். பேச்சு சொல்லிக்கொடுக்கிறவர் பேச்சு சுத்தமாக இருக்க வேண்டுமாம். நல்லவள் என்று பிறந்த நாட்டிலிருந்து ஒரு சான்று வேண்டும் என்றார்கள். ஊரில் ஒரு அலுவலகத்தில் கேட்டால், ஆள் நேரில் வராமல் நல்லவளா கெட்டவளா என்று எப்படிச் சொல்ல முடியும் என்றார்கள். அங்கே போகாமல் இருந்ததாலேயே நான் அங்கே ஒரு தப்பும் செய்திருக்க முடியாது என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. ஒலியியல் வகுப்பில் என் உதடு உதாரணமாயிற்று. 'வ' என்பதை இங்கிலீஷில் வி, டபிள்யூ என்று இரண்டு விதமாகச் சொல்ல வேண்டும், எனக்கு இரண்டும் ஒன்றுதான். வீட்டில் என் மகள் யாழினி கண்ணாடி முன் என்னை நிறுத்தி, பல்லை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிக்கொடுப்பாள். அவளுக்கு ஒன்பது வயது. நான் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்வாள். அவள் வாயில் 'ழ' வராது, அவள் பெயரையே 'யாலினி' என்றுதான் சொல்கிறாள். அதற்கு யாரும் சான்று கேட்கவில்லை.

3

தம்பி பெயர் கோமதிநாயகம். எங்கள் ஊரில் தெருவுக்கு இரண்டு பேருக்காவது இருக்கிற பெயர். அவனுக்கு மட்டும் அதைச் சொல்வது பெரும்பாடு. மற்ற சொல் என்றால் சுற்றிக்கொண்டு போய்விடலாம். கடையில் 'காப்பி' வராவிட்டால் 'டீ' என்று சொல்லிவிடுவான், அப்படி எத்தனையோ தடவை வேண்டாத டீயைக் குடித்திருக்கிறான். பெயருக்கு மாற்றுச் சொல் கிடையாது. யாராவது உன் பேர் என்ன தம்பி என்று கேட்டுவிட்டால் தாடை இறுகி, கண் மேலே செருகி, கழுத்து நரம்பு தெரியும்.

எங்கள் வீட்டில் அவனுக்காகப் பேச ஆள் பஞ்சமே இருந்ததில்லை. பஸ்ஸில் டிக்கெட் அம்மா கேட்பாள், கடையில் நான் கேட்பேன், பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சுப் பையன் அவனுக்கும் சேர்த்து 'உள்ளேன் ஐயா' சொல்வான். எல்லாம் பாசத்தில்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நாலு பேர் நாலு பதில் சொல்லிவிடுவோம், அவன் அதில் ஒன்றுக்குத் தலையாட்டுவான். இப்படியே முப்பது வயதாகிவிட்டது.

அப்பா போன பிறகு எங்கள் விசைத்தறிகளை அவன்தான் பார்க்கிறான். தறி ஓடும் கொட்டகைக்குள் யாருக்கும் யார் பேச்சும் கேட்காது, எல்லாம் கைச்சாடைதான். நூல் அறுந்தது, குறுக்கே ஓடும் ஊடு நூல் தீர்ந்தது, டீ வந்தது எல்லாவற்றுக்கும் ஒரு சாடை உண்டு. உள்ளே நுழைந்துவிட்டால் தம்பி ராஜா. அவன் சாடை காட்டி ஒரு ஆளைச் சிரிக்க வைப்பதை நான் பார்த்திருக்கிறேன். வெளியே வந்தால்தான் மறுபடி சுருங்கிவிடுவான்.

வீடியோவில் பேசும்போது அவன் முட்டி நிற்க, யாழினி ஒரு தடவை, "மாமா பஃபர் ஆகுறாங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். இங்கே நெட் சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். தம்பியும் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

4

பெண் பார்க்கப் போனால் இப்போது ஒரு புது வழக்கம் வந்துவிட்டது. பையனும் பெண்ணும் மாடியில் கொஞ்ச நேரம் தனியாகப் பேசட்டும் என்று விடுகிறார்கள். முன்பெல்லாம் மாப்பிள்ளை பஜ்ஜியைத் தின்றுவிட்டுத் தலையாட்டினால் போதும். இந்த மாடிப் பேச்சில்தான் தம்பிக்கு வந்த இரண்டு இடமும் தட்டிப்போயிற்று. மூன்றாவதாகப் பனவடலிசத்திரத்திலிருந்து முத்துச்செல்வி ஜாதகம் வந்தது. ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பா விவசாயம், பெரிய முருக பக்தர், வருடா வருடம் திருச்செந்தூருக்கு நடந்தே போகிறவர். இந்த இடத்தை விடக் கூடாது என்று அம்மாவின் தம்பி, எங்கள் சண்முகம் மாமா, ஒற்றைக் காலில் நின்றார்.

அது போன வருட ஐப்பசி. கந்த சஷ்டி வந்தது. எங்கள் பக்கம் சஷ்டிக்கு ஆறு நாளும் காப்புக் கட்டி விரதம் இருப்பவர்கள் நிறைய, அதில் சிலர் வாய் பேசாமல் மௌனமும் இருப்பார்கள். மாமா மூளையில் பல்பு எரிந்தது. பெண் பார்க்கும் நாளைச் சஷ்டிக்குள் வைத்தார். தம்பியைக் கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கையில் காப்பைக் கட்டினார்.

"ஏலே, ஆறு நாளைக்கு வாயத் தொறக்காத. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

அன்றைக்கு என்னையும் வீடியோவில் வைத்திருந்தார்கள். பெண் வீட்டு மேஜையில் போனைத் தம்ளரில் சாய்த்து வைத்திருந்தாள் அம்மா. மாமா எழுந்து, பையன் சஷ்டிக்கு மௌன விரதம், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றார். பெண்ணின் அப்பா கையிலும் காப்பு இருந்தது. மனுஷர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, என் தம்பியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. போனுக்குள்ளிருந்து கத்தினால் எல்லாருக்கும் கேட்கும். கத்தி என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

மாடியில் முத்துச்செல்விதான் பேசினாளாம், தம்பி கேட்டுக்கொண்டிருந்தானாம். தன் பேச்சை இடையில் வெட்டாமல் முழுசாகக் கேட்ட முதல் ஆம்பளை இவர்தான் என்று அவள் தோழியிடம் சொன்னதாகப் பிறகு காதுக்கு வந்தது. தை மாதம் நிச்சயம் என்று பேசி முடித்தார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாமாவுக்கு அது தந்திரம். தம்பி அந்த ஆறு நாளும் உண்மையிலேயே விரதம் இருந்தான், ஒரு சொல்கூடப் பேசவில்லை, ஒருவேளைச் சாப்பாடுதான். யாரும் அவனிடம் எதுவும் கேட்கவில்லை, கேட்டவர்களிடம் காப்பைக் காட்டினால் போதும். சஷ்டி முடிந்ததும் எனக்கு எழுதியிருந்தான்: 'பிறந்ததுல இருந்து இந்த ஆறு நாள்தான்க்கா நிம்மதியா இருந்தேன்.'

5

அதன் பிறகு ஒரு மாதம் இருவரும் வாட்ஸப்பில் எழுதிக்கொண்டார்கள். எழுத்தில் என் தம்பியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கேலி, கோபம், கொஞ்சல் எல்லாம் வரும். அவள் குரல் கேட்க வேண்டும் என்றதும், கொட்டகை ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக உட்கார்ந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். ஒரு திக்கல் இல்லை. இதில் மாயம் எதுவும் இல்லை, எதிரில் ஆள் இல்லாதபோது பெரும்பாலானவர்களுக்குத் திக்காது என்று எங்கள் பாடத்திலேயே வருகிறது. ஆனால் அதைக் கேட்ட பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

மார்கழியில் ஒருநாள் அவள் நேராகப் போன் போட்டுவிட்டாள். இவன் எடுத்து, அவள் பேர் சொல்ல ஆரம்பித்து முட்டி நின்றுவிட்டான். அந்தப் பக்கம் அவள் 'ஹலோ, ஹலோ' என்று பார்த்துவிட்டு, டவர் இல்லை போல என்று வைத்துவிட்டாள். மறுபடி போட்டாள், மறுபடி அதே கதை. பிறகு தம்பியிடமிருந்து எனக்குச் செய்தி வந்தது. 'அக்கா, இனி மறைக்க முடியாது. நீ சொல்லிரு. நீ இதைத்தானே படிக்கிற, நீ சொன்னா நம்புவா.'

இரண்டு நாள் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அப்போது நான் முதல் வருடம். அதுவரை சொல்லிக் கொடுத்ததெல்லாம் திரும்பத் திரும்ப ஒன்றுதான்: அவர்களுக்காக நீங்கள் பேசாதீர்கள். நான் சொன்னால் கடையில் அவனுக்காகக் கேட்ட அக்காதான் மறுபடியும். சொல்லாவிட்டால் ஒரு பெண்ணை ஏமாற்றித் தாலி கட்டுகிறோம். மாமாவிடம் கேட்டால், கல்யாணம் ஆனால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்றார். கடைசியில் தம்பிக்கு எழுதினேன்: நீயே சொல், எவ்வளவு நேரமானாலும் சரி, நான் லைனில் கூடவே இருக்கிறேன். பதிலுக்கு அவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று போட்டான். அது சம்மதமா, வழக்கமான தலையாட்டலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

6

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூவரும் வீடியோவில் வந்தோம். முத்துச்செல்வி மொட்டை மாடியில் நின்றாள், பின்னால் மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. தம்பி கொட்டகையில், நின்ற தறிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தான். தம்பி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டுமாம் என்றேன். அவ்வளவுதான் நான் பேசியது.

அவன் ஆரம்பித்தான். தாடை இறுகியது, தலை பின்னால் போயிற்று, கை தொடையில் அடித்துக்கொண்டது. என் நாக்கு நுனியில் அவன் சொல்ல வந்த வாக்கியம் முழுசாக நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். முத்துச்செல்வி முதலில் போனைத் தட்டிப் பார்த்தாள், பிறகு புரிந்துகொண்டாள். தட்டுவதை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளும் காத்திருந்தாள்.

"எ... எனக்குப் பேச்சு தி... திக்கும். அன்னைக்கு விரதம்னு... மா... மாமா சொன்னாவ. நானும் ச... சரின்னுட்டேன். ஓங்கிட்ட ம... மறைக்க முடியல."

எனக்குத் தெரிந்து அவன் வெளி மனிதரிடம் யார் துணையும் இல்லாமல் பேசிய நீளமான பேச்சு இதுதான். எனக்கு அழுகை வந்தது, பெருமையாகவும் இருந்தது. பிறகு முத்துச்செல்வி பேசினாள்.

"அவுகளுக்குத் திக்குறது எனக்கு ஒரு குறையாவே தெரியல மதினி. ஆனா எங்கப்பா அன்னைக்கு எந்திரிச்சு நின்னு கும்பிட்டாவ. அத அவியகிட்ட நான் எப்பிடி மறைக்க?"

மறைக்கவில்லை. அன்று சாயங்காலமே சொல்லிவிட்டாள். திக்குவாய் என்றால்கூட அவர் யோசித்திருப்பாராம், சாமி பெயரைச் சொல்லி ஏமாற்றிய குடும்பத்தில் பெண் கொடுக்க மாட்டேன் என்றுவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமே வரவில்லை, வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தம்பி நிஜமாகவே விரதம் இருந்தான் என்று அவரிடம் சொல்லப் போன் போட்டேன், எடுக்கவில்லை. முத்துச்செல்வியிடமிருந்து ஒரே வரி வந்தது: 'அப்பாவை மீறி என்னால முடியல மதினி.'

மாமா வாயே திறக்கவில்லை. அம்மாதான் என்னைக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, நீ படிச்சுப் பழகுததுக்கு எம்பிள்ளதான் கெடச்சானா?"

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. தம்பியும் போனை எடுப்பதில்லை. 'நல்லா இருக்கேன்', 'தறி ஓடுது', 'யாழினி எப்படி' என்று எழுத்தில் மட்டும் வரும். இந்த வருடப் பாடத்தில்தான், திக்குகிறவர் அதைப் பிறரிடம் எப்போது சொல்வது, சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் அவராக எடுக்க வேண்டிய முடிவு என்று வருகிறது. அதுவும் வகுப்பில் அரை மணி நேரம். ஒரு கல்யாணத்தைப் பணயம் வைத்திருக்கும் குடும்பத்தில் அந்த முடிவை எப்படி எடுப்பது என்று கை தூக்கிக் கேட்டேன். நல்ல கேள்வி என்றார்கள்.

7

இந்த வருடச் சஷ்டியும் வந்து போய்விட்டது. தம்பி தானாகவே கோயிலுக்குப் போய்க் காப்புக் கட்டிக்கொண்டானாம். யாரும் சொல்லவில்லை, பெண் பார்க்கவும் எங்கும் போகவில்லை. ஆறு நாளும் மௌனம். சூரசம்காரம் முடிந்து, மறுநாள் திருக்கல்யாணமும் முடிந்து, காப்பை அவிழ்த்துவிட்டான். ரொட்டிக் கடைக் கதையை வகுப்பில் சொன்ன மறுநாள் மத்தியானம் அம்மா போன் செய்தது அதற்காகத்தான். நான் சிகிச்சைப் பயிற்சிக்குப் போகிற ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று எடுத்தேன். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

"விரதம் முடிஞ்சு எல்லாரும் சாப்பிட்டாச்சு. இவன் மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கான். பசிக்குதான்னு கேட்டாலும் கையத்தான் காட்டுதான். இதத்தானட்டி நீ அங்கன படிக்கே? என்ன செய்யணும்னு சொல்லு."

திக்கலுக்குப் பயிற்சி உண்டு, மூச்சுக்கு உண்டு, பயத்துக்கும் உண்டு, இதற்கு எதுவும் சொல்லித் தரவில்லை. அவன் காதில் போனை வை என்று மட்டும் சொன்னேன். வைத்தாள்.

"தம்பி, அக்கா பேசுதேன். ஒண்ணும் அவசரம் இல்ல."

காத்திருந்தேன். பேச வந்து முட்டி நிற்பவரின் மௌனத்துக்குள் எவ்வளவோ வேலை நடக்கும். தொண்டை அடைக்கும், மூச்சு தடுக்கிக்கொள்ளும், உதடு ஒட்டிப் பிரியும். போனில்கூட அதைக் கேட்கலாம், கேட்கப் பழக்கியிருக்கிறார்கள். நான் காதை அழுத்தி வைத்துக் கேட்டேன். தம்பியின் மூச்சு சீராகப் போய் வந்துகொண்டிருந்தது. எங்கேயும் முட்டவில்லை, எதுவும் அடைக்கவில்லை. அவன் பேச முயலவே இல்லை.

அம்மா போனைத் திரும்ப வாங்கினாள்.

"என்னட்டி சொன்னான்?" என்று கேட்டாள்.